விரல் தசைநாண் அறுந்தபின்: ஆபரேஷனும் அதற்கு அப்புறமும்

கண்ணாடியோ கத்தியோ விரலில் ஆழமாகக் கிழித்துவிட்டால், காயத்தைத் தைப்பதற்கு முன் விரல் நுனியைத் தனியாக மெல்ல மடக்க முடிகிறதா என்று டாக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எனக்கு அதை யாரும் செய்யவில்லை. முதலில் போன இடத்தில் தோலை மட்டும் தைத்துக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். காயம் சின்னது, வலியும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மோதிர விரல் மட்டும் நீட்டியபடியே நின்றது.

கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னார், அசையவில்லை. மற்ற விரல்களை நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த விரலை மட்டும் மடக்கச் சொன்னார், அதுவும் இல்லை. விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்கள்) அறுந்திருந்தன. விரலுக்குள் மடக்கும் தசையே கிடையாது, இழுவை எல்லாம் முன்கையிலிருந்து வருகிறது. அதனால் அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும், தள்ளிப்போடக் கூடாது என்றார்.

ஆர்த்தோ அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்து, அதற்கு மேல் கைக்கென்று தனிப் பயிற்சி எடுப்பவர்கள் இந்தக் கை நிபுணர்கள். எலும்பு, நரம்பு, ரத்தக் குழாய், தசைநாண் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பார். எனக்கு வெட்டுப்பட்ட பகுதியில் தசைநாணை உடனே தைக்கவே கூடாது என்பதுதான் ஒரு காலத்தில் விதி. இந்தத் துறையின் முன்னோடி ஸ்டெர்லிங் பன்னெல் அப்படித்தான் சொல்லியிருந்தார். தசைநாண் ஓடும் குறுகலான உறைக்குள் தழும்பு ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய பயம். 1960-களில் ஹரால்ட் கிளைனர்ட் போன்றவர்கள் உடனே தைத்தும் நல்ல பலன் காட்டிய பிறகே அது மாறியது.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் தரவில்லை. அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி மட்டும்தான். ரத்தக் கசிவை அதுவே குறைத்துவிடுவதால் புஜத்தில் இறுக்கிக் கட்டும் பட்டையும் தேவைப்படவில்லை. தைத்து முடித்ததும் "இப்போ மடக்குங்க" என்றார். விரல் மடங்கியது. இன்னொரு முறை மடக்கியபோது தையல் போட்ட இடம் ஒரு வளையத்தில் தட்டி நின்றது. தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் வளையம் அது. அதன் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித் தளர்த்திவிட்டு மறுபடி மடக்கச் சொன்னார், வழுக்கிக்கொண்டு போனது. நான் மயக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் தட்டல் தைத்த பிறகு உள்ளேயே இருந்திருக்கும்.

அப்புறம் வந்ததுதான் பெரிய வேலை. சில நாட்களிலேயே ஹேண்ட் தெரபிஸ்ட் (கைக்குப் பயிற்சி சிகிச்சை தருபவர்) ஸ்பிளிண்ட் எனும் தாங்குபட்டையைச் செய்து மாட்டினார். ஆறு வாரம் அதைக் கழற்றக் கூடாது, பன்னிரண்டு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. அசைக்காமல் விட்டால் தசைநாண் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும், வேகமாக இழுத்தால் தையல் பிய்ந்துவிடும். மணிக்கொரு முறை மறு கையால் மடக்கிவிட்டு, அப்புறம் தானாகப் பாதி வரை மெல்ல மடக்க வேண்டும். பிறகு ஸ்பிளிண்டைத் தொடும்வரை நேராக நீட்ட வேண்டும். மடக்குவதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. தெரபிஸ்டோ ஒவ்வொரு முறையும் நடு மூட்டு முழுக்க நீள்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அது வளைந்தபடி இறுகிவிட்டால் திருத்துவது கடினம். வீக்கம் இருந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்து, கையை உயர்த்தி வைக்கச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது கைப்பிடி இறுகுகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறது. நுனி மூட்டு மட்டும் மறு கையைவிடக் கொஞ்சம் குறைவாக மடங்குகிறது.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே "தெரபி யார் பார்ப்பார்கள், எப்போது தொடங்கும்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால், அந்த ஏற்பாடு உள்ள வேறு இடத்தை உடனே தேடுங்கள்.