படகைக் கட்டி வைப்பதற்கான செலவு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் மரினா, அதாவது கால்வாயோரம் படகுகளைக் கட்டி வைக்கும் குளத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அடுத்த ஓராண்டுக்கு என் படகைக் கட்டி வைக்க எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது அதில் இருக்கும். இந்த ஆண்டு கடிதத்துக்கு முன்பே அளவுநாடாவுடன் ஓர் இளைஞர் வந்துவிட்டார். முன்பக்கம் தொங்கும் கயிற்றுப் பந்தில் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்குமாறு என்னிடமே கேட்டுக்கொண்டு, மறுமுனையைச் சுக்கானுக்குப் பின்னால் இருக்கும் கயிற்றுத் தடுப்பு வரை இழுத்துச் சென்று, நாற்பத்தேழு அடி என்று குறித்துக்கொண்டார். படகின் இரும்பு உடல் நாற்பத்தைந்து அடிதான். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கணக்கில்தான் கட்டணம் வாங்கினார்கள். இடித்துக்கொள்ளாமல் இருக்க நான் தொங்கவிட்ட கயிற்றுக்கும் இனி அடிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் அடிக்கு 46 பவுண்டு வீதம் 2,070 பவுண்டு கட்டினேன். இந்த ஆண்டு அடிக்கு 78 பவுண்டு. மொத்தம் 3,666 பவுண்டு. அந்த இளைஞர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நாடாவைச் சுருட்டும்போது அவரே என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய இரும்புப் படகை நாரோபோட் என்பார்கள். பல கால்வாய்களின் லாக்குகள், அதாவது படகை மேல்மட்டத்துக்கு ஏற்றியும் கீழ்மட்டத்துக்கு இறக்கியும் விடும் கதவு வைத்த நீர்த்தொட்டிகள், ஏழடி அகலம் மட்டுமே உள்ளவை என்பதால் படகும் ஏழடிக்குள் அடங்கியாக வேண்டும். நாங்கள் இருப்பது வெம்பிளியில். அல்பர்ட்டனில் ஈலிங் ரோடு பாலத்துக்கு அடியில் ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில் பிள்ளைகளைச் சைக்கிளில் அழைத்துச் சென்ற நாட்களில்தான் இந்த ஆசை பிறந்தது. லண்டனுக்குள் படகு கட்ட இடம் பிடிப்பது எங்கள் வருமானத்துக்கு எட்டாத காரியம் என்பதால், அதே கால்வாயில் வடக்கே நார்தாம்ப்டன்ஷரில் ஒரு மரினாவைத் தேடிக்கொண்டோம். 1994-இல் கட்டப்பட்ட, மூன்று கை மாறிய படகு அது. நானும் என் மனைவியும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினோம். படகு என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று நம்மவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் படகு கட்டியிருப்பவர்கள் ஓய்வுபெற்ற செவிலியர், தச்சர், பேருந்து ஓட்டுநர், பள்ளிச் சமையலறையில் வேலை செய்தவர் ஆகியோர்தான்.

கட்டுமிடத்துக்கான மூரிங் கட்டணம் செலவில் பெரிய பங்கு; ஆனால் செலவு அதோடு முடிவதில்லை. கால்வாயில் மிதப்பதற்குத் தனியாக ஆண்டு உரிமம் வாங்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதை வழங்குகிறது. படகு ஆண்டு முழுவதும் மரினாவை விட்டு நகராவிட்டாலும் எங்கள் மரினாவைப் போன்ற இடங்களில் அந்த உரிமம் கட்டாயம். காப்பீடும் கட்டாயம். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை எரிவாயுக் குழாய், மின்கம்பி, அடுப்பு அனைத்தையும் சோதித்துப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அது இல்லாமல் உரிமம் கிடையாது.

எரிபொருளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கரையோரமாகவே டீசல், நிலக்கரி மூட்டை, எரிவாயு உருளை எல்லாம் ஏற்றிக்கொண்டு வரும் வியாபாரப் படகில் டீசல் பிடிக்கும்போது, விற்பவர் முதலில் கேட்பது "எந்தக் கணக்கில் போடட்டும்?" என்பதுதான். படகை ஓட்டப் பயன்படும் டீசலுக்கு முழு வரி; குளிர் காய்வதற்குப் பயன்படும் பங்குக்குக் குறைந்த வரி. அறுபது பங்கு ஓட்டம், நாற்பது பங்கு சூடு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வாங்குபவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவித் தார்ப்பூச்சு பூசுவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் படகின் உண்மையான வயது அப்போதுதான் தெரியவரும். எங்கள் படகின் பக்கத் தகடு கட்டும்போது ஆறு மில்லிமீட்டர். பழைய படகுகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தகட்டின் கனத்தை அளந்த அறிக்கை கேட்கின்றன. நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் மேல்தகடு பற்றவைக்கச் சொல்வார்கள். சென்ற முறை அளந்தவர் ஒரு சிறு கருவியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி எண்களைச் சொல்லச் சொல்ல, நான் சுண்ணக்கட்டியால் தகட்டில் எழுதிக்கொண்டே போனேன். 5.4, 5.2, 5.3. நீர்மட்டக் கோட்டை ஒட்டி ஓரிடத்தில் 4.6. அந்த இடத்தை என் மனைவி கையால் தடவிப் பார்த்தார். நாணயத்தின் விளிம்பளவு குழி. அன்று பட்டறைக்கும் அளந்தவருக்கும் தார்ப்பூச்சுக்கும் துருவைத் தாங்கும் மெக்னீசியக் கட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை எங்கள் ஒரு கோடை விடுமுறையை விழுங்கிவிட்டது.

மூரிங் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று மரினா மேலாளரிடம் கேட்டேன். அவர் சொன்னவற்றில் பாதி நான் முன்பே அறிந்ததுதான்: மின்சாரம், கூலி, காப்பீடு. மறுபாதியைப் பலர் அறிவதில்லை. மரினாவின் குளம் தனியார் நிலத்தில் இருந்தாலும் அதன் நீர் கால்வாயின் நீர். கால்வாயோடு இணைந்திருப்பதற்காகப் புதிய மரினாக்கள் அறக்கட்டளைக்குத் தம் மூரிங் வருமானத்தில் 9 சதவீதம் தர வேண்டும். எல்லா இடங்களும் நிரம்பியதாகக் கொண்டு போடும் கணக்கு அது. காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் அவர் கட்ட வேண்டும். அதை நிரம்பிய இடங்களில் இருக்கும் எங்களிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் 20 சதவீதம் வாட் வரி. ஆக, விலையேற்றத்தால் ஒருவர் படகை விற்றுவிட்டுப் போனால், அவருடைய சுமையில் ஒரு பகுதி பக்கத்துப் படகின் மீது ஏறுகிறது.

ஆனால் மரினாவை மட்டும் பார்த்துக் கோபப்படுவதில் பொருளில்லை. கால்வாய்கள் 1948-இல் நாட்டுடைமை ஆயின. சரக்குப் போக்குவரத்து சாலைக்கும் ரயிலுக்கும் போய்விட்ட நிலையில், 1968-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் அவற்றில் பலவற்றைப் பொழுதுபோக்குப் பயணத்துக்குரிய நீர்வழிகள் என்று ஏற்றுக் காப்பாற்றியது. 2012-இல் அரசு நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸின் பொறுப்பு இப்போதைய அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது; பதினைந்து ஆண்டுகளுக்கு மானியம் தருவதாக அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. அறக்கட்டளையின் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த மானியம். 2023 ஜூலையில் அரசு அடுத்த பத்தாண்டுக்கான முடிவை அறிவித்தது: 2027 முதல் 2037 வரை மொத்தம் சுமார் 400 மில்லியன் பவுண்டு, முதலாண்டில் 50 மில்லியன், அதன்பின் ஆண்டுதோறும் 5 சதவீதம் குறைவு. விலைவாசியைக் கணக்கில் கொண்டால் இழப்பு 300 மில்லியனைத் தாண்டும் என்று அறக்கட்டளை சொல்கிறது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாவது ஆண்டில் மானியம் ஏறத்தாழ 31.5 மில்லியன் பவுண்டாகச் சுருங்கியிருக்கும். முதலாண்டோடு ஒப்பிட்டால் பள்ளம் 18.5 மில்லியன். இந்த நீர்வழிகளில் உள்ள படகுகள் சுமார் 35,000. பள்ளம் முழுவதையும் படகுக்காரர்களே நிரப்ப வேண்டும் என்றால் படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேல் கூடுதலாக வரும், அதுவும் விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டால். அப்படிக் கேட்டால் 35,000 படகுகள் இருக்காது. எண்ணிக்கை குறையக் குறைய ஒருவர் பங்கு ஏறும்.

செலவோ குறையப்போவதில்லை. 2018 மார்ச்சில் மிடில்விச் அருகே கால்வாய்க் கரை உடைந்து, அந்த ஆண்டு இறுதியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் உபரிநீர்ப் போக்கி பெயர்ந்துபோனபோது சுமார் 1,500 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வாய்க்கு நீர் கொடுக்கக் கட்டிய அணை அது. அது உடைந்திருந்தால் முழுகியிருக்கக் கூடியவர்களில் படகுக்காரர்கள் எத்தனை பேர்? அந்த அணையைச் செப்பனிடும் செலவை ஒரு பொழுதுபோக்குக்கான செலவு என்று எப்படிச் சொல்ல முடியும்? 2025-இல் வறட்சியால் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய் உட்படப் பல வழிகள் மூடப்பட்டபோது, அங்கே படகு வைத்திருந்தவர்கள் முழு உரிமக் கட்டணமும் மூரிங்கும் கட்டிவிட்டுக் கரையிலேயே கோடையைக் கழித்தார்கள்.

நிலையான கட்டுமிடம் இல்லாமல் சதா பயணத்தில் இருக்கும் படகுக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையானதாக இருக்காது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது: ஓரிடத்தில் தொடர்ந்து பதினான்கு நாட்களுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் செய்பவருக்கு மூரிங் தேவையில்லை. 2024 ஏப்ரல் முதல் அவர்களுடைய உரிமத்தின் மீது கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 2028-இல் 25 சதவீதத்தை எட்டும். அகலமான படகுகளுக்கு அகலத்துக்காகவும் தனிக் கட்டணம் உண்டு. முதலில் கேள்விப்பட்டபோது, மூரிங்குக்கு இவ்வளவு கொடுக்கும் எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. வாடகை கட்ட முடியாமல் படகில் குடியேறிய செவிலியரையும் எங்களையும் ஒரே சிறிய அப்பத்துக்காக மோத விடும் ஏற்பாடு அது. அவரிடம் வாங்கும் கூடுதல் தொகையால் என் கட்டணம் ஒரு பென்னி குறையவில்லை.

எங்களுக்கு அடுத்த இடத்தில் பத்தாண்டு படகு கட்டியிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சென்ற செப்டம்பரில் படகை விற்றுவிட்டார். கிராண்ட் யூனியனின் லாக்குகள் பதினான்கு அடி அகலம். இரண்டு படகுகள் பக்கம் பக்கமாக நுழையலாம். ஸ்டோக் புரூயர்னின் ஏழு லாக்குகளிலும் அவர் படகும் எங்கள் படகும் எத்தனையோ முறை ஒட்டியபடியே இறங்கியிருக்கின்றன. ஒரு தொட்டி நீரில் இரண்டு படகுகளை இறக்கினால் நீர் மிச்சம் என்பதில் அவர் பிடிவாதமாக இருப்பார்; மேலே துணைப்படகு வரும் வரை அரை மணி நேரம்கூடக் காத்திருப்பார். அவரும் மனைவியும் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். "மூரிங்கையும் வைத்துக்கொண்டு வீட்டையும் சூடாக வைத்திருக்க முடியவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். புறப்படும் நாளில் லாக் கதவின் மடையைத் திறக்கும் இரும்புக் கைப்பிடியை எங்களிடம் கொடுத்தார். பிடிக்கும் இடம் கையின் தேய்ப்பில் வெள்ளியாகப் பளபளத்தது. அவருடைய இடம் இன்றுவரை காலி.

கரைப்பாதையில் நடப்பவர்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதை எல்லாருக்கும் இலவசமாக இருப்பதுதான் அதன் அழகு. அல்பர்ட்டன், சவுத்தால், ஹேய்ஸ் பக்கம் வாழும் நம் மக்கள் எத்தனையோ பேர் மாலையில் அங்கே நடக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குகிறார்கள், வாத்துகளுக்குத் தீனி போடுகிறார்கள். அந்தக் கரையும் மழைநீரை வாங்கிக்கொள்ளும் அந்த வாய்க்காலும் பொதுச்சொத்து என்பதால்தான் அவற்றின் அடிப்படைப் பராமரிப்புக்குப் பொதுப்பணம் வேண்டும் என்கிறேன். படகுக்காரர் தம் பங்கைக் கொடுக்கட்டும். விலைவாசியோடு சேர்ந்து ஏறட்டும். எவ்வளவு ஏறும் என்று மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லட்டும். 2024 மே மாதத்தில் தேம்ஸ் நதியில் நாடாளுமன்றத்துக்கு எதிரே படகுகள் அணிவகுத்துச் சென்றது அந்தப் பொதுப்பணத்தைக் கேட்கத்தான்.

2027-க்கு அதிக நாட்கள் இல்லை. பிரிட்டனில் இருந்து இதை வாசிப்பவர்கள் தங்கள் தொகுதி எம்.பி.க்கு நான்கு வரி எழுத முடிந்தால் எழுதுங்கள்: மானியத்தை ஆண்டுக்கு 5 சதவீதம் வெட்டும் முடிவைத் திரும்பப் பெற வேண்டும், விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்த வேண்டும். படகு இல்லாதவர்கள் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த ஆண்டுக்கான தொகையை நான்கு தவணைகளாகக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் தவணையைச் சென்ற வெள்ளிக்கிழமை செலுத்திவிட்டேன். அளவுநாடா கொண்டுவந்த இளைஞரிடம், பின்தடுப்பைக் கழற்றி முன்கயிற்றைச் சிறிதாக்கினால் மறுபடி அளப்பீர்களா என்று கேட்டிருக்கிறேன்; மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.