பாதத்தைப் பாயாக விரிக்கும் நத்தை

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா) கடற்கரையில் இன்று காலை ஒதுங்கிக் கிடந்த, ஜெல்லிமீன் போன்ற ப்ளூபாட்டில் ஒன்றைத் தொடாதீர்கள் என்று, எங்களோடு இவ்வூரின் மலபார் பகுதியிலிருந்து வந்திருந்த அத்தை பிள்ளைகளை விலக்கிக்கொண்டிருந்தபோதே, ஈர மணலைப் பிளந்துகொண்டு நத்தைகள் அதை நோக்கி எழும்பத் தொடங்கின.

இங்குள்ளோர் உழவு நத்தை என்றழைக்கும் புல்லியா பேரின நத்தை அது.

கண்ணே இல்லாத இந்த நத்தை, அழுகும் உடலிலிருந்து கசியும் டிரைமெத்திலமைன் போன்ற பொருட்களின் வாடையை நீரில் உணர்ந்தே இரையைக் கண்டுகொள்கிறது. வெளியே வந்ததும் நீரை உறிஞ்சி, தன் பாதத்தை ஓட்டைக் காட்டிலும் அகலமாக, பாய்மரப் பாயைப் போல் விரித்துக்கொடுக்க, ஏறிவரும் அலையே அதைக் கரைக்குத் தூக்கிவருகிறது. ஊர்ந்தே வருவதென்றால் ஆகும் பாடு பெரும்பாலும் மிச்சம்.

என் காலருகே இறங்கிய ஒன்று, உறிஞ்சுகுழலை உயர்த்தி இருபுறமும் அசைத்து மோப்பம் பிடித்தது. நம் தோலில் பட்டால் துடிக்கவைக்கும் அந்த நச்சுக்கொடிகள் அதற்கு விருந்துதான்.

வேரூன்றிய செடியோ பாசியோ இல்லாத வெறும் மணலில், கடல் கொண்டுவந்து போடுவதே இவற்றுக்கு உணவு. துப்புரவு என்ற பெயரில் ஒதுங்கியவற்றையெல்லாம் நாம் வாரிவிடுவது அந்த உணவைத்தான்.

கரையில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுவதற்கு 2002 முதல் தென்னாப்பிரிக்காவில் தடை உண்டு. மீன்பிடிக்கப் போகும் மாமாக்கள் இன்னும் அதைக் குறைகூறுகிறார்கள். மணலுக்கடியில் இப்படி உயிர்கள் இருப்பதைப் பார்த்தபின், எனக்கென்னவோ அந்தத் தடை சரியாகவே படுகிறது.