தட்டு இறக்கும் வேலை

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் ஆழம் அளக்கப் போகும் நாட்களில் முதல் வேலை தட்டு இறக்குவது. ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவியான எக்கோ சவுண்டரின் உணரிக்கு நேர் கீழே ஓர் இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி 2 மீற்றர், 5 மீற்றர், 10 மீற்றர் என்று இறக்குவோம். சங்கிலியில் மீற்றருக்கு மீற்றர் அடையாளம் இருக்கும். சங்கிலி சொல்லும் ஆழமும் திரை சொல்லும் ஆழமும் ஒத்து வர வேண்டும். வராவிட்டால் கருவியில் ஒலியின் வேகத்தைத் திருத்த வேண்டும்.

சேர்ந்த புதிதில் எனக்கு இது நேரத்தை விழுங்கும் சடங்காகத்தான் தெரிந்தது. ஓர் ஏப்ரல் காலை, கடல் தகடு போலக் கிடந்தது. தட்டை இறக்காமலே அளக்கத் தொடங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டின்போது வள்ளம் ஓட்டும் அண்ணை கேட்டார்: "இண்டைக்குத் தட்டு இறக்கேல்லையோ தம்பி?"

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. 20 மீற்றரில் தட்டை நிறுத்தினோம், திரை 19.5 காட்டியது. கருவியில் வேகம் செக்கனுக்கு 1500 மீற்றர் என்று இருந்தது. அன்றைய கடலில் அது 1540ஐத் தொட்டிருக்கும். காலையிலிருந்து எழுதிய அத்தனை எண்ணும் பிழை.

கருவிக்கு ஆழம் தெரியாது. ஒலி கீழே போய்த் திரும்பி வர எடுத்த நேரம் மட்டுமே அதற்குத் தெரியும். வேகத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். இதை நான் பாடமாகப் படித்திருந்தேன், ஆனால் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அண்ணை மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குவார். மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் மழை ஒரு கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது என்று வள்ளத்தைத் திருப்புவார். அதுவும் இதே கணக்குத்தான். காற்றில், 30 பாகை செல்சியஸ் வெயிலில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். கடலில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

பொருள் அடர்த்தியாக இருந்தால் ஒலி வேகமாகப் போகும் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடர்த்தி உண்மையில் ஒலியைத் தாமதப்படுத்தும். அதை விரைவாக்குவது, பொருள் அமுங்க மறுக்கும் விறைப்பு. உப்புக் கரைந்தால் நீரின் அடர்த்தியும் கூடுகிறது, விறைப்பும் கூடுகிறது; விறைப்பு அதிகமாகக் கூடுவதால் வேகம் ஏறுகிறது. ஒரு கிலோ நீருக்கு ஒரு கிராம் உப்புக் கூடினால், செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில் ஏறும். சூட்டின் பங்கு இன்னும் பெரியது: எங்கள் கடலின் சூட்டில் ஒரு பாகைக்கு இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோனும் ஸ்டர்மும் நீருக்குள் மணி அடித்து அளந்தபோது, 8 பாகை நன்னீரில் 1435 மீற்றர் கிடைத்தது. எங்கள் குடாவோடு ஒப்பிட்டால் நூறு மீற்றருக்கு மேல் வித்தியாசம்.

திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே கீழே போகப் போக நீர் குளிர்ந்து வேகம் குறையும். அப்புறம் அழுத்தம் அதை மறுபடி ஏற்றும். ஆனால் எங்களைப் பாடாய்ப் படுத்துவது ஆழமில்லாத மூதூர்ப் பக்கம்தான். மார்கழி மழையில் மகாவலி ஆறு செந்நிறமாக வந்து குடாவில் விழும். நன்னீர் மேலே பரவி நிற்கும், உப்புநீர் அடியில் கிடக்கும். அந்த மேல் நீரில் வேகம் 1500ஐ ஒட்டியே இருக்கும். கடலுக்கு வைத்த 1540ஐ மாற்றாமல் விட்டால், 4 மீற்றர் ஆழத்தைக் கருவி 4.1 என்று காட்டும். ஏப்ரலில் நான் விட்ட பிழையை விட இதற்கு எனக்குப் பயம் அதிகம். அன்று கருவி குறைத்துக் காட்டியது. இங்கே இல்லாத தண்ணீரை இருப்பதாகச் சொல்கிறது. அதை நம்பி வருகிறவனின் வள்ளம் தரை தட்டும்.

போன மார்கழியில் ஆற்று வாயிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். நீரின் நிறம் மாறத் தொடங்கியதும் அண்ணை இயந்திரத்தைத் தணித்தார். ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பு வந்திட்டுது தம்பி."

சங்கிலியை எடுத்து மறுபடி தட்டை இறக்கினேன்.