கழித்தல் குறி

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அமெரிக்காவின் பழைய பொருளாதாரப் புள்ளிவிவரங்களைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. 1929 முதல் ஆண்டுவாரியாக இரண்டு அட்டவணைகள். தொழில் நிறுவனங்களுக்கு நிதி எங்கிருந்து வந்தது, எதில் போனது என்பது ஒன்று. மக்கள் எதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்பது மற்றொன்று. மூலம், மங்கிப்போன ஒளிநகல் பக்கங்கள். பார்த்துத் தட்டச்சு செய்வதுதானே என்று தொடங்கினேன்.

1932ஆம் ஆண்டு வரியில், 'பகிராத லாபம்' (பங்குதாரர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சும் லாபம்) என்ற இடத்திலிருந்த எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தது. மேலே தலைப்போ 'நிதி வந்த வழிகள்'. வந்த நிதி எப்படிக் கழித்தலில் இருக்கும்? நகலில் படிந்த அழுக்கு என்று முடிவு செய்து எண்ணை மட்டும் ஏற்றினேன். கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை, அதையும் மாற்றிவிட்டேன். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

மேலதிகாரி என் அட்டவணையையும் மூலப் பக்கத்தையும் அருகருகே வைத்தார். "அந்த ஆண்டு நிறுவனங்களுக்கு லாபம் எவ்வளவு, பங்குதாரர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு, பாருங்கள்" என்றார். பார்த்தேன். எல்லா நிறுவனங்களையும் சேர்த்தால் நஷ்டம். ஆனாலும் 200 கோடி டாலருக்கு மேல் ஈவுத்தொகை கொடுத்திருந்தார்கள். கோடு அழுக்கல்ல.

அப்படியானால் பணம் ஏது? அன்று மாலை முழுவதும் அவர் அதைத்தான் விளக்கினார். தேய்மானம், அதாவது இயந்திரமும் கட்டடமும் பழசாகி இழக்கும் மதிப்பு, கணக்கில் செலவு. ஆனால் அந்த ஆண்டில் அதற்காக யாருக்கும் காசு கொடுப்பதில்லை. விற்பனையில் வந்த பணத்தில் அந்த அளவு நிறுவனத்துக்குள்ளேயே தங்குகிறது. அதனால்தான் நிதி வந்த வழிகளில் அதற்கும் ஓர் இடம். நல்ல காலத்தில் அது பழைய இயந்திரத்துக்கு மாற்று வாங்கப் போகும். பொருளாதாரப் பெருமந்தத்தின் அந்த ஆண்டுகளில் மாற்று வாங்கவில்லை. கிடங்கிலிருந்த சரக்கையும் விற்றுக் காசாக்கினார்கள், புதிதாக நிரப்பவில்லை. நாட்டின் மொத்தத் தனியார் முதலீடு 1929இல் சுமார் 1,700 கோடி டாலர். 1933இல் ஏறத்தாழ 200 கோடி. தேய்ந்ததை ஈடுகட்டவே அது போதாது. தொழிற்சாலைகள் தங்களையே தின்று நாளைக் கடத்தியதை அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத் துடைத்திருந்தேன்.

மக்கள் செலவிலும் தவறினேன். 1929இல் சுமார் 7,700 கோடி டாலராக இருந்த நுகர்வுச் செலவு 1933இல் சுமார் 4,600 கோடி. 'மக்கள் வாங்கியது 40 சதவீதம் குறைந்தது' என்று குறிப்பு எழுதினேன். விலைகளே நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்திருந்ததை மறந்துவிட்டேன். விலைச் சரிவை நீக்கினால் குறைவு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. அதுவும் எல்லாவற்றிலும் ஒரே அளவாக இல்லை. கார், மரச்சாமான் போன்ற நீடித்துழைக்கும் பொருள்களுக்கான செலவு பாதிக்கும் கீழே போயிற்று. காரைத் தள்ளிப்போடலாம், சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. ஒரு குடும்பம் தள்ளிப்போட்ட காரே ஆலையில் வாங்கப்படாத இயந்திரமாக மற்ற அட்டவணையில் வந்து நிற்கிறது என்பது புரிந்தபோது, இரண்டையும் தனித்தனியாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

பத்தாண்டு கழித்துக் கார்ச் செலவு மீண்டும் சரிகிறது. 1942 பிப்ரவரியில், போருக்காக, பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்தியிருந்தார்கள். கையில் பணம் இருந்தது, வாங்கப் பொருள் இல்லை, சேமிப்பு ஏறியது. அட்டவணையில் இரண்டு சரிவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காலாண்டு எண்களைப் பற்றி ஒன்று மட்டும். பெரும்பாலும் அவை ஏற்கெனவே ஆண்டு வீதத்துக்கு உயர்த்தப்பட்டவை, அதாவது மூன்று மாதத் தொகையை நான்கால் பெருக்கியவை. நான்கையும் கூட்டினால் ஆண்டுத் தொகைபோல் நான்கு மடங்கு வரும். புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

2013இல் ஆராய்ச்சிச் செலவையும் முதலீடாக எண்ணத் தொடங்கி, 1929 வரை பின்னோக்கி எல்லாவற்றையும் திருத்தி வெளியிட்டார்கள். நான் ஏற்றியிருந்த பல எண்கள் மாறின. பழைய பதிப்பை அழிக்காமல், எந்த ஆண்டு வெளியீடு என்று குறித்துப் பக்கத்திலேயே வைத்தேன். புதிய கோப்பைத் திறந்ததும் முதலில் 1932ஆம் ஆண்டு வரிக்குத்தான் போனேன். எண் வேறாக இருந்தது. கோடு இருந்தது.