பிடுங்கினால்தான் மாற்றியம்

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆனால் வேறு அமைப்பு: அப்படிப்பட்ட சேர்மங்கள்தான் மாற்றியங்கள். அவற்றின் வகைப் பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, பந்து அணுவாகவும் குச்சி பிணைப்பாகவும் இருக்கும் பந்து-குச்சி மாதிரிகளுடன் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரே கேள்வி: இதை அதுவாக மாற்ற என்ன செய்ய வேண்டும்? ஒற்றைப் பிணைப்பைத் திருப்பினால் போதுமென்றால் இரண்டும் ஒரே பொருள்தான். நேராக நிற்கும் பென்டேனும் வளைந்து நிற்கும் பென்டேனும் அப்படித்தான். குச்சியைப் பிடுங்க நேர்ந்தால் அவை வேறு வேறு பொருள்கள்.

நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டேன். இணைப்பை மட்டும் மாற்றினால் ஏழு வருகின்றன: ஆல்கஹால் நான்கு, ஈதர் மூன்று. ஆல்கஹாலில் ஆக்சிஜன் ஒரு கார்பனோடும் ஒரு ஹைட்ரஜனோடும் ஒட்டியிருக்கிறது, ஈதரில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே. இப்படி வினைபுரியும் பகுதியே வேறுபடுவது வினைச்செயல் தொகுதி மாற்றியம். அணுக்களின் எண்ணிக்கை துளியும் மாறவில்லை. ஆனால் பியூட்டன்-1-ஆல் சுமார் 118 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, டைஎத்தில் ஈதரோ 35 டிகிரியிலேயே. ஆக்சிஜனோடு ஒட்டிய ஒரு ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூலம் செய்யும் வேலை அது.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது பியூட்டன்-2-ஆல். அதன் இரண்டாம் கார்பனில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில், மெத்தில், எத்தில் என நான்கும் வெவ்வேறு. ஒன்றைச் செய்து, அதன் ஆடி பிம்பத்தையும் செய்தேன். ஒன்றன்மேல் ஒன்றை எப்படிப் பொருத்தினாலும் இரண்டு தொகுதிகள் சேர்கின்றன, மற்ற இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. ஒன்றில் ஏதேனும் இரண்டு குச்சிகளைப் பிடுங்கி இடம் மாற்றினால் அது மற்றொன்றாகிவிடுகிறது. ஆக, ஏழு எட்டாகிறது. இரண்டுக்கும் கொதிநிலை ஒன்றே. தளமுனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியைத்தான், எதிரெதிர்த் திசைகளில் திருப்புகின்றன. 1848-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் இருவகைப் படிகங்களை உருவம் பார்த்துக் கையாலேயே பிரித்தார் என்பதை இப்போது நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

இரட்டைப் பிணைப்பு எளிதாகவே புரிந்தது. அது திரும்ப மறுப்பதால்தான் சிஸ் (தொகுதிகள் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) என்ற வடிவ மாற்றியமே இருக்கிறது.

இப்போது சீர்மையற்ற கார்பன்கள், அதாவது பியூட்டன்-2-ஆலில் பார்த்ததுபோல் நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கும் கார்பன்கள், இரண்டு உள்ளவற்றுக்கு வந்திருக்கிறேன். 2,3-டைகுளோரோபியூட்டேனில் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு அமைப்பு என நான்கு வர வேண்டும் என்று தோன்றும், மூன்றுதான் வருகின்றன. நான்காவதாகச் செய்ததைச் சுற்றிப் பார்த்தால் அது மூன்றாவதேதான்: ஒரு பாதி மறுபாதியின் ஆடி பிம்பமாக இருக்கும் மீசோ வடிவம். ஒரு முனையில் ஒரு கார்பனைக் கூட்டி 2,3-டைகுளோரோபென்டேன் ஆக்கினேன். இரு பாதிகளும் வேறாகிவிட, நான்கும் தனித்தனியே வந்து நின்றன.