டிஃப்பில் இல்லாத வரி

2025 ஜூன் 2, திங்கள். கோ.புதூர், மதுரை

ஏழு பேட்ச் (கோடில் செய்யும் மாற்றத்தின் கோப்பு) கொண்ட தொடர் ஒன்று, உள்ளே சேர்க்கும் முன் குறை பார்க்கச் சொல்லி, வாசிப்புக்கு வந்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலின், அதாவது இயங்குதள மையத்தின், மெமரி பகுதியில், ஃபோலியோக்களை (சேர்த்துக் கையாளும் மெமரி பேஜ்களை) வேகமாகத் தேடி எடுப்பதற்கான சின்ன கேஷ். மொத்தம் நானூறு வரிக்குக் கொஞ்சம் மேல். லினக்ஸ் 6.15 மே 25-ல் வெளியானது, மெர்ஜ் விண்டோ, அதாவது ஏற்கனவே தயாரானதை அடுத்த பதிப்பில் சேர்க்கும் காலம், இன்னும் ஒரு வாரம் திறந்திருக்கும். அதுவரை புது வேலையை யாரும் உள்ளே எடுக்கப்போவதில்லை. நிதானமாக வாசிக்க நல்ல நேரம்.

கோடைப் படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம்: ஒவ்வொரு பேட்சும் தனித்தனியாக கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பது. ஏழையும் சேர்த்துப் போட்டு ஒரு தடவை மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) அடித்தால் போதாது. கிட் என்ற பதிப்புக் கருவியின் ரீபேஸுக்கு எக்ஸெக் கொடுத்தால் ஒவ்வொரு பேட்சுக்குப் பின்னும் மேக் தானாக ஓடும். நான்கு கான்ஃபிக்: வழக்கமான 64 பிட் எக்ஸ்86, அதிலேயே மெம்சிஜி (குழுவாரி மெமரிக் கணக்கு) அணைத்தது, 32 பிட் ஆர்ம், பிறகு 64 கேபி பேஜ் வைத்த ஆர்ம்64. எதிர்பார்த்த மாதிரியே மெம்சிஜி அணைத்த கான்ஃபிக்கில் மூன்றாவது பேட்ச் உடைந்தது. அது கூப்பிடும் ஃபங்ஷன் நான்காவதில்தான் பிறக்கிறது. கடைசியில் எல்லாம் சேர்ந்து சரியாகிவிடுகிறதே என்று விட முடியாது. ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பிழைக்காக பைசெக்ட் ஓட்டி, பிழை நுழைந்த பேட்சைப் பாதிப் பாதியாகத் தேடுபவர் சரியாக இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்.

சோதனை கெர்னலில் பிழை பிடிக்கும் நான்கு ஆப்ஷனும் போட்டாயிற்று: கசான் (தப்பான மெமரித் தொடுதல்), லாக்டெப் (லாக் வரிசை), டீபக் அடாமிக் ஸ்லீப் (தூங்கக் கூடாத இடத்தில் தூக்கம்), டீபக் விஎம் (மெமரி நிர்வாகம்). க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினில் 4 சிபியு, 2 ஜிபி. ஜெனரிக் கசான் தன் நிழல் கணக்குக்கே எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதாவது 256 எம்பி போய்விடும். விடுவிக்காமல் விட்ட மெமரியைத் (லீக்) தேடும் கேமெம்லீக்கைத் தனி பில்டில் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாட்டுவண்டி வேகம்தான்.

2025 ஜூன் 3, செவ்வாய்

முதல் பேட்ச் பெயர் மாற்றம் மட்டும். தாண்டியாயிற்று.

இரண்டாவது. டிஃப், அதாவது மாற்றத்தைக் காட்டும் பட்டியல், மாறிய வரிக்கு மேலே மூன்று, கீழே மூன்று வரிதான் காட்டும். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரே ஒரு ஃபங்ஷன் அழைப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கிட் ஷோவுக்குப் பெரிய எழுத்து டபிள்யூ கொடுத்து ஃபங்ஷனை முழுதாக விரித்தால் கதை வேறு. முப்பது வரிக்கு மேலே ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) எடுக்கிறார்கள், விடுவது இந்த அழைப்புக்குக் கீழே. அழைக்கப்படும் ஃபங்ஷன் உள்ளே இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது ஜிஎஃப்பி-கெர்னல் போட்டு மெமரி கேட்கிறது. தப்பான வரி எதையும் இந்த பேட்ச் எழுதவில்லை. ஏற்கனவே இருந்த இரண்டு சரியான வரிகளைத் தப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஜிஎஃப்பி-கெர்னல் என்றால் ‘வேண்டுமானால் தூங்கிக்கொள்’ என்று அனுமதி கொடுப்பது. மெமரி தாராளமாக இருக்கும்வரை கேட்டவுடன் கிடைக்கும். தட்டுப்பாடு வந்தால் ரீக்ளெய்ம், அதாவது கொடுத்த பேஜ்களைத் திரும்பப் பிடுங்குவது, நடக்கும், டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்க நேரும். ஸ்பின்லாக்கைக் கையில் பிடித்தபடி தூங்கினால் அதே லாக்குக்காக மற்ற சிபியுக்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 16 ஜிபி வைத்த லேப்டாப்பில் இது ஆயுசுக்கும் வெளியே தெரியாது. டீபக் அடாமிக் ஸ்லீப்பின் அருமை இங்கேதான்: மெமரி கொடுக்கும் அலொகேட்டரின் வாசலிலேயே ஃபிளாக்கைப் பார்த்து, உண்மையில் தூங்காவிட்டாலும் ‘இங்கே தூங்க வாய்ப்பிருக்கிறதே’ என்று எச்சரித்துவிடும். அந்தப் பாதை ஒரு முறை ஓடினாலே போதும்.

கூட உட்கார்ந்து வாசிக்கும் தம்பி கேட்டது: “ஸ்பின்லாக்க மியூடெக்ஸா மாத்திட்டா முடிஞ்சதுலண்ணே?”

முடியாது. டிஸ்க்கில் எழுதி முடிந்ததைச் சொல்லும் கால்பேக்கும் இதே லாக்கை எடுக்கிறது, அது இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கீடு) பக்கத்திலிருந்து வருவது. மியூடெக்ஸ் காத்திருக்கும்போது தூங்கும் பூட்டு, அங்கே அதற்கு இடமில்லை.

பேட்ச் எழுதியவர்கள் அடுத்து கை வைப்பது ஜிஎஃப்பி-அடாமிக். எச்சரிக்கை உடனே வாயை மூடிக்கொள்ளும், அதனால்தான் அது ஆபத்து. அடாமிக் வேண்டுகோள் ரீக்ளெய்முக்குப் போகாமல் அவசரச் சேமிப்பில் கை வைக்கிறது. இன்டரப்டில் வரும் நெட்வொர்க் பாக்கெட்டுக்காக ஒதுக்கியதை, நிதானமாக ஓடக்கூடிய ஒரு தேடல் கேஷ் தின்றுவிடும். தட்டுப்பாட்டில் தோற்பதும் அதிகம்.

எழுதிக் கொடுத்த வழி இது: லாக் எடுக்கும் முன்பே ஜிஎஃப்பி-கெர்னலில் ஒரு நோடு (கேஷில் ஒரு பதிவு) வாங்கி வைத்துக்கொள். லாக்கை எடு. அதற்குள் வேறு யாராவது அதே சாவிக்கு நோடு சொருகிவிட்டார்களா என்று மறுபடி பார். சொருகியிருந்தால் அவர்களுடையதை எடுத்துக்கொள், லாக்கை விட்டபின் உன்னுடையதை கேஃப்ரீ போட்டு விடுவி. இந்த ‘மறுபடி பார்’ என்பதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். விட்டால் ஒரே சாவிக்கு இரண்டு நோடு.

2025 ஜூன் 4, புதன்

மூன்றாவது பேட்சில் ஒரே வரி. அதில் அரை நாள்.

பேஜ் எண்ணிக்கையை பைட்டாக மாற்றும் இடம். எண்ணிக்கை சாதாரண இன்ட், அதாவது 32 பிட் எண். அதை பேஜ் ஷிஃப்ட் அளவுக்கு, அதாவது 12 பிட் இடது பக்கம் தள்ளி, முடிவை அன்சைன்ட் லாங்காக மாற்றியிருக்கிறார்கள். மாற்றம் அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதுதான் கோளாறு. தள்ளுவது இன்ட் அகலத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 5,24,288 பேஜ் என்றால் 4096-ஆல் பெருக்க 2,14,74,83,648. இன்ட் தாங்கும் உச்சம் 2,14,74,83,647. ஒன்றே ஒன்று கூட. விடை மைனஸுக்குப் போகிறது, அந்த மைனஸை 64 பிட் அன்சைன்டாக நீட்டினால் மேல் பிட் எல்லாம் ஒன்றாகி, கற்பனைக்கு எட்டாத பெரிய எண் கிடைக்கிறது. அடுத்த வரி அந்த எண்ணை வைத்து ‘இடம் போதுமா’ என்று கேட்கிறது.

5,24,288 பேஜ் என்பது சரியாக 2 ஜிபி. நம் சோதனை மெஷினின் மொத்த மெமரியே 2 ஜிபி, ஆகையால் எத்தனை நாள் ஓட்டினாலும் இந்தப் பிழை அங்கே வராது. 64 கேபி பேஜில் 32,768 பேஜிலேயே வந்துவிடும், அளவு என்னவோ அதே 2 ஜிபிதான். மாற்றத்தை உள்ளே கொண்டுபோய் முதலில் அகலப்படுத்து, பிறகு தள்ளு என்று எழுதியாயிற்று. எண்ணிக்கையையே அன்சைன்ட் லாங்காக அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்து வருபவர் புதிதாக ஒரு வரி சேர்க்கும்போது இதே குழியில் விழமாட்டார்.

2025 ஜூன் 5, வியாழன்

நான்காவது பேட்ச், தொடக்க ஃபங்ஷன். ஸ்லாப் கேஷ் (ஒரே வகைப் பொருள்களுக்கான மெமரிக் கிடங்கு), பெர்-சிபியு பகுதி, ஷ்ரிங்கர் (கேஷைச் சுருக்க ரீக்ளெய்ம் கூப்பிடுவது), ஹேஷ் டேபிள் என்ற வரிசையில் வாங்குகிறது. ஹேஷ் டேபிள் கிடைக்காவிட்டால் தாவும் லேபிள் முதலில் ஸ்லாப் கேஷை அழிக்கிறது, பிறகுதான் ஷ்ரிங்கரை எடுக்கிறது. வாங்கியதற்குத் தலைகீழாக விட வேண்டும் என்பது பால பாடம். இங்கே அது வெறும் ஒழுங்கு சம்பந்தப்பட்டதும் இல்லை. ஷ்ரிங்கரைப் பதிவு செய்த கணத்திலிருந்து எந்த சிபியுவும் ரீக்ளெய்ம் நடுவில் அதைக் கூப்பிடலாம். கேஷ் அழிந்து ஷ்ரிங்கர் உயிரோடிருக்கும் அந்தச் சின்ன இடைவெளி போதும். 6.7-லிருந்து ஷ்ரிங்கரை வாங்குவதும் பதிவு செய்வதும் தனித்தனி ஃபங்ஷன். ஆகவே வாங்குவதை எங்கே வேண்டுமானாலும் வை, பதிவை எல்லாம் தயாரான பிறகு கடைசி வரியாக வை.

அதே பேட்ச் தொடும் பழைய கோடில், வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் கேரீயல்லாக்கின் விடையை நேராகப் பழைய பாயின்டரிலேயே போட்டிருக்கிறார்கள். தோற்றால் அது நல் (வெற்று பாயின்டர்) கொடுக்கும், பழைய இடத்தை விடுவிக்காது. அந்த இடத்தின் முகவரி தெரிந்த ஒரே ஆளையும் அழித்தாயிற்று, லீக். தற்காலிக பாயின்டர் ஒன்று வேண்டும்.

இதெல்லாம் எப்படி இத்தனை நாள் தப்புகிறது? 4 கேபி பேஜில் ஆர்டர் 3 வரை, அதாவது தொடர்ச்சியாக எட்டு பேஜ், 32 கேபி வரை, ஜிஎஃப்பி-கெர்னல் வேண்டுகோளை அலொகேட்டர் நடைமுறையில் தோற்கவே விடாது. மெமரிக்காக ஒரு ப்ராசஸையே கொல்லும் ஊஎம் கில்லரைக் கூப்பிட்டாவது கொடுத்துவிடும். ஆகவே தோல்விப் பாதை எழுதிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஓடாமல் துருப்பிடித்துக் கிடக்கும். ஓட வைக்கவேண்டியது நாம்தான்.

அதற்கு, அலொகேஷனை வேண்டுமென்றே தோற்கவைக்கும் ஃபெயில்ஸ்லாப். பத்துக்கு ஒன்று தோற்கட்டும் என்று சதவீதம் போட்டு ஓட்டுவது பலர் வழக்கம், நமக்கு அது பிடிப்பதில்லை. ஃபெயில்-என்த் இருக்கிறது. ப்ராக் அடியில் அந்த த்ரெட்டின் ஃபெயில்-என்த் கோப்பில் 1 எழுதி சிஸ்டம் கால் செய்தால் முதல் அலொகேஷன் தோற்கும், 2 எழுதினால் இரண்டாவது. முடிந்ததும் கோப்பைத் திரும்பப் படித்தால் 0 என்றால் தோல்வி புகுத்தப்பட்டது, அதற்கு மேல் என்றால் அத்தனை அலொகேஷன் அந்தப் பாதையில் இல்லை, நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பாதை விடாமல் சீராகத் துழாவலாம். மறந்துவிடக் கூடாதது: ஃபெயில்ஸ்லாப்பின் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் இயல்பாக ‘ஒய்’ (ஆம்) என்று இருக்கும், அப்படியே விட்டால் தூங்கக்கூடிய வேண்டுகோள்களைத் தொடவே தொடாது. அதை ‘என்’ (இல்லை) ஆக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘ஃபெயில்ஸ்லாப் ஓட்டினோம், சுத்தம்’ என்று சொல்பவர்கள் உண்டு.

11 அலொகேஷன் இருந்தது. 7-வதில் கசான் கத்தியது. கேமெம்லீக் பில்டில் 9-வதில் லீக். கேமெம்லீக்கில் ஸ்கேன் எழுதியவுடன் பார்த்து ஏமாறக் கூடாது, 5 வினாடிக்குள் பிறந்ததை அது சொல்லாது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது தடவை ஸ்கேன் போட வேண்டும்.

2025 ஜூன் 6, வெள்ளி

ஐந்தாவது பேட்ச் ஹேஷ் டேபிளை 64 கேபிக்குப் பெரிதாக்குகிறது, தொடர்ச்சியான மெமரியே கொடுக்கும் கேமல்லாக்கில். ஆர்டர் 4, மேலே சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் ஒண்டி சீட்டு எட்டு இருக்கும், சேர்ந்தாற்போல் நான்கு கிடைக்காது. மெஷின் இரண்டு வாரம் ஓடியபின் மெமரியும் அப்படித்தான் ஆகிவிடும். இந்த டேபிள் டிஎம்ஏவுக்கு (சாதனம் நேராக மெமரியைத் தொடுவது) போகாது, தொடர்ச்சியான ஃபிசிக்கல் பேஜ் தேவையில்லை. துண்டு துண்டான பேஜ்களைக் கோத்தும் கொடுக்கக்கூடிய கேவீமல்லாக் போடு, விடுவிக்கும்போது கேவீஃப்ரீ.

ஏழாவதில், பேஜ் டேபிள் பதிவைப் பூட்டோடு எடுக்கும் பிடிஇ-ஆஃப்செட்-மேப்-லாக்கின் விடை ‘நல்’தானா என்று பார்க்கவில்லை. 6.5-லிருந்து அது நல் கொடுக்கலாம், கீழே உள்ள பேஜ் டேபிள் நடுவில் காணாமல் போயிருக்க வாய்ப்பு உண்டு. பழைய கெர்னலிலிருந்து நகலெடுத்த வாசனை.

2025 ஜூன் 7, சனி

ஆறாவது பேட்ச். தொடரின் உயிர் இதில்தான், ஆபத்தும் இதில்தான்.

ஆர்சியு பாதுகாப்பில் (பூட்டில்லாமல் படிக்கலாம், படிப்பவர் முடிக்கும்வரை விடுவிப்பு காத்திருக்கும்) கேஷில் தேடி, கிடைத்த நோடின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. இரண்டு குறை. முதலாவது, எண்ணிக்கை 0 ஆகிவிட்டதா என்று பார்க்காமல் ஏற்றுகிறது. 0 ஆனது சாகப்போவது, அதை ஏற்றி உயிர்ப்பிக்க முடியாது. ‘0 இல்லையென்றால் மட்டும் ஏற்று’ என்ற ட்ரை வகைதான் இங்கே பொருந்தும்.

இரண்டாவது நுட்பமானது. இந்த ஸ்லாப் கேஷ் டைப்சேஃப்-பை-ஆர்சியு ஃபிளாக்கோடு உருவானது. அந்தப் பெயர் எல்லோரையும் ஏமாற்றும். ஆர்சியு காலம் முடியும்வரை அந்த ஸ்லாப் பேஜ் வேறு வகைப் பொருளாக மாறாது என்பது மட்டுமே அதன் உறுதி. உள்ளே இருக்கும் நோடு உடனே விடுவிக்கப்பட்டு, அதே வகை வேறு நோடாகப் பிறந்துவிடலாம். மீனாட்சியம்மன் கோயில் செருப்புக் கடையில் டோக்கனைத் தொலைத்துவிட்டு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவது மாதிரி. 214 என்று கேட்டால் 214-ல் ஒரு ஜோடி இருக்கத்தான் செய்யும், ஆனால் அது இந்நேரம் வேறு யாருடையதோ. ஆகையால் எண்ணிக்கையை ஏற்றிய பிறகு சாவியை மறுபடி ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் இறக்கிவிட்டுத் தேடலைத் திரும்பத் தொடங்கு. ஏற்றுவதற்கு முன்னால் ஒப்பிட்டது செல்லாது.

இதில் கசானை நம்பி இருக்க முடியாது. அந்த ஃபிளாக் உள்ள ஸ்லாப்பில் விடுவித்த நோடை ஒருவர் படிப்பது சட்டப்படி சரி என்பதால் அது பொதுவாகப் பேசாது. ஸ்லப் ஆர்சியு டீபக் ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டால்தான் வாய் திறக்கும். அப்போதும் இப்படி மறுபிறவி எடுத்த நோடைத் தவறாக எடுத்துக்கொண்டதை அது சொல்லாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

பெரியவர்கள் கையிலும் இந்த ரகம் நழுவியிருக்கிறது. 2023-ல் வந்த ஸ்டாக்ராட் என்ற பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2023-3269. 6.1-ல் விஎம்ஏக்கள் (ப்ராசஸின் மெமரிப் பரப்புப் பதிவுகள்) மேப்பிள் ட்ரீ என்ற புதிய மர அமைப்புக்கு மாறின. ஸ்டாக் வளரும்போது, அவற்றைக் காக்கும் எம்மேப் லாக்கைப் படிப்பதற்கு மட்டும் எடுத்துக்கொண்டே ட்ரீயை மாற்றும் பழைய பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. பழைய மரத்தில் அது ஒரு எண்ணை மாற்றுவதோடு போயிற்று. புதிய மரத்தில் நோடையே மாற்றி, பழையதை ஆர்சியு வழியாக விடுவிக்கிறது. எம்மேப் லாக்கைப் பிடித்திருப்பதால் பத்திரம் என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்தவர் கையில் செத்த நோடு. அதிலும் டேட்டா ஸ்ட்ரக்சர் பேட்சுகளை மட்டும் வாசித்திருந்தால் தெரிந்திருக்காது, ஸ்டாக் வளரும் வரிகள் அவற்றின் டிஃப்பில் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாகச் சின்ன விஷயம்: ஃபோலியோவை முதலில் புட் செய்துவிட்டு (எண்ணிக்கையை இறக்கிவிட்டு) பிறகு அன்லாக் செய்கிறது ஒரு பாதை. அன்லாக் முதலில், புட் கடைசியில். கடைசி எண்ணிக்கை நம்முடையதாக இருந்தால் புட்டுக்குப் பின் அந்த ஃபோலியோ நம்முடையது இல்லை.

2025 ஜூன் 9, திங்கள்

நேற்று அடுத்த பதிப்பின் முதல் சோதனை வெளியீடு 6.16-ஆர்சி1 வந்துவிட்டது, காலையில் தொடரின் இரண்டாம் பதிப்பு. கிட் ரேஞ்ச்-டிஃப் போட்டு இரண்டு பதிப்புக்கும் இடையே மாறியதை மட்டும் எடுத்தாயிற்று. சொல்லாமல் மாற்றிய வரி ஏதும் உண்டா என்பதும் அதில்தான் தெரியும். ஒன்று இருந்தது: எண்ணிக்கையின் வகையை மாற்றியபோது ஒரு பிரின்ட் ஃபார்மட்டைப் பழையபடியே விட்டிருக்கிறார்கள். கம்பைலரே சொல்லிவிடும்.

முன்கூட்டி வாங்கும் நோடு வந்ததால் ஃபெயில்-என்த் கணக்கு 12 ஆனது. பன்னிரண்டும் சுத்தம். ஆனால் ‘வேறு யாரோ ஏற்கனவே சொருகிவிட்டார்’ என்ற பாதையில் நம் நோடை விடுவிக்கவில்லை. அது அலொகேஷன் தோல்வி அல்ல, போட்டி. ஃபெயில்-என்த் அங்கே போகாது. இரண்டு த்ரெட் ஒரே சாவியைத் திரும்பத் திரும்ப அடிக்கும் சின்ன ப்ரோக்ராம் எழுதி ஓட்டியதும் கேமெம்லீக்கில் வரிசையாக வந்து விழுந்தது.

முகப்புக் கடிதத்தில் வேகம் கூடியது என்று இருக்கிறது. எந்த மெஷின், எத்தனை ஓட்டம், ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு ஆடியது, ஒன்றும் இல்லை. கேட்டாயிற்று. இங்கே அளந்து பார்ப்பது இரவில்தான். கத்திரி முடிந்தும் மதிய அறைச் சூட்டில் சிபியு தானாகவே கடிகாரத்தைக் குறைத்துக்கொள்கிறது, காலையில் ஓட்டியதையும் இரண்டு மணிக்கு ஓட்டியதையும் ஒப்பிட்டால் பேட்ச் செய்ததா வெயில் செய்ததா என்று தெரியாது. டர்போவை அணைத்து, சிபியு வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, பேட்ச் உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிப் பத்துப் பத்து ஓட்டம்.

ஒன்று, மூன்று, ஐந்து, ஏழுக்கு ரிவ்யூட்-பை (வாசித்து ஏற்றதற்கான கையொப்ப வரி) கொடுத்தாயிற்று. நான்காவதற்கு ஃபிக்சஸ் வரி (எந்தக் கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்பது) வேண்டும், கேரீயல்லாக் லீக் இந்தத் தொடருக்கு முன்பிருந்தே மெயின்லைனில் இருப்பது. 12 இலக்கக் கமிட் அடையாளத்தோடு தனி பேட்சாகப் பிரித்து முதலில் வைத்தால் ஸ்டேபிள் கிளைகளுக்கும் எடுத்துப் போகலாம். இரண்டாவதில் அந்த லீக் பாக்கி. ஆறாவதில் சாவியை மறுபடி ஒப்பிடுகிறார்கள், ஆனால் பொருந்தாதபோது எண்ணிக்கையை இறக்காமலே திரும்பத் தேடப் போகிறார்கள். மூன்றாம் பதிப்பு வரட்டும்.