எந்தக் கோடையை வைத்துச் சொல்வது?

நான் வெட்டியது ஒரே ஒரு வரி. "இந்தக் கடும் வெயிலுக்குப் புவி வெப்பமயமாதலே காரணம்" என்று செய்தியின் இரண்டாவது பத்தியில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, டெஸ்க்கில் எல்லோரும் போடுகிற வரியைப் போட்டேன்: "ஒரு கோடையை மட்டும் வைத்துப் புவி வெப்பமயமாதல் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது." எந்த வருஷத்துக்கும் பொருந்துகிற வரி. எந்த விஞ்ஞானியும் போன் செய்து மறுக்க மாட்டார். வாசகர் கடிதமும் வராது.

செய்தியை எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ரிப்போர்ட்டர். சண்டைக்கெல்லாம் வரவில்லை. புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஒரு கோடையை வச்சு சொல்ல முடியாதுன்னா, எந்தக் கோடையை வச்சுதான் சொல்றது?"

"முப்பது வருஷ சராசரியைப் பாக்கணும்மா. வானிலை வேற, காலநிலை வேற."

"அந்த முப்பதும் ஒவ்வொரு கோடையா வந்ததுதானே சார்? ஒவ்வொண்ணுலயும் நாம இதே வரியைத்தான் போட்டிருப்போம்."

பக்கம் போக வேண்டும் என்றேன். பக்கம் போனது. கேள்வி போகவில்லை.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் 1976 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் தொடங்கி, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு இங்கிலாந்தில் எங்காவது ஓர் இடத்தில் தினமும் 32 டிகிரியைத் தாண்டியது. வறட்சியைக் கவனிப்பதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். அதே 1976-இல் உலக சராசரி வெப்பநிலை இருபதாம் நூற்றாண்டின் சராசரிக்குக் கீழே இருந்தது. லண்டனில் உட்கார்ந்து ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து உலகத்தைப் பற்றி எழுதியிருந்தால், அந்த வருஷத்தைப் பொறுத்தவரை தப்பாகத்தான் எழுதியிருப்பார். அமெரிக்காவில் 1936-இல் வந்த கோடையும் அப்படித்தான். அன்றைய உலகம் இன்றைக்கு இருப்பதைவிடக் கணிசமாகக் குளிர்ச்சியானது. இருந்தும் அங்கே கொளுத்தித் தள்ளியது. முழு அமெரிக்காவுமே பூமியின் மேற்பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. ஓர் ஊரின் வெயிலைப் பற்றி என்ன சொல்ல!

இன்னொரு பயமும் உண்டு. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையைச் சபைக்குள் எடுத்துவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று சொல்லி வீசினார். வெப்பமயமாதல் பொய் என்பதற்கு அது அவர் காட்டிய சாட்சி. வெயிலடித்த நாளைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால், பனி உருண்டையையும் ஏற்றத்தானே வேண்டும்? இதை மறுநாள் அந்த ரிப்போர்ட்டரிடம் சொன்னேன். நல்ல வாதம் என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் சம எண்ணிக்கையில வந்தா நீங்க சொல்றது சரி சார்."

இது நான் அறியாத விஷயம் இல்லை. காலநிலை மாறாமல் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பதிவு தொடங்கிய ஐம்பதாவது வருஷத்தில் ஒரு வானிலை நிலையத்தில் வெப்பத்தில் புதிய உச்சம் வர வாய்ப்பு ஐம்பதில் ஒன்று; நூறாவது வருஷத்தில் நூறில் ஒன்று. போகப்போகச் சாதனைகள் அரிதாக வேண்டும். புதிய உச்சங்களும் புதிய தாழ்வுகளும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஆனால் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்க நிலையங்களில் குளிர்ச் சாதனை ஒன்றுக்கு வெப்பச் சாதனை இரண்டு என்ற கணக்கில் வந்தது. ஆக, உள்ளூர் வெப்பமானி எதுவுமே சொல்லாமல் இல்லை. தனியாக ஒன்று முனகுகிறது, ஆயிரம் சேர்ந்தால் வாக்கியமாகிறது. நான் வெட்டியதும் ஒரு முனகலைத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போதும் பாதி நாள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மீதிப் பாதி நாள் 2010 ரஷ்யாவை நினைத்துக்கொள்கிறேன். அந்த ஜூலையில் மாஸ்கோவில் 38 டிகிரி. காடுகளும் கரிச்சதுப்பு நிலங்களும் எரிந்து நகரமே புகைக்குள் கிடந்தது. அடுத்த ஆண்டு இரண்டு ஆய்வுகள் வந்தன. ஓர் அமெரிக்கக் குழு, இது பெரும்பாலும் இயற்கையான ஏற்ற இறக்கம்தான் என்றது: உயரழுத்த மண்டலம் ஒன்று நகராமல் அங்கேயே நின்றுவிட்டது, அதனால் வந்த வினை. ஜெர்மனியின் போட்ஸ்டாமைச் சேர்ந்த ரம்ஸ்டார்ஃபும் கூமோவும், வெப்பமயமாதல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஜூலைச் சாதனை நிகழ்ந்திருக்காது என்பதற்கு 80 சதவீத வாய்ப்பு என்றார்கள். செய்தி ஆசிரியர்களுக்குக் கொண்டாட்டம். விஞ்ஞானிகளுக்குள்ளேயே அடிதடி!

2012-இல் காலநிலை விஞ்ஞானி ஃபிரெடரிக்கே ஓட்டோவும் சக ஆய்வாளர்களும், இரண்டு பேருமே சரி என்று காட்டினார்கள். ஒருவர் எவ்வளவு சூடு என்று கேட்டார், மற்றவர் எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்று கேட்டார். உதாரணத்துக்கு, வழக்கத்தைவிட 5 டிகிரி கூடுதலாக ஒரு வெப்ப அலை வருகிறது. அதில் 1 டிகிரி வெப்பமயமாதலின் பங்கு என்று வைத்துக்கொள்வோம். சூட்டின் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு இயற்கையுடையது. ஆனால் மிக அரிதான நிகழ்வுகளின் ஓரத்தில் அந்த ஒரு டிகிரி செய்கிற வேலை பெரிது. நூறு வருஷத்துக்கு ஒரு முறை வந்திருக்க வேண்டியது முப்பது சொச்சம் வருஷத்துக்கு ஒரு முறை வந்துவிடும். ஆகவே "பெரும்பாலும் இயற்கை" என்பதும் உண்மை, "வாய்ப்பு மூன்று மடங்கானது" என்பதும் உண்மை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது. "புவி வெப்பமயமாதலே காரணம்" என்பதில் அந்த ஏகாரம் நிற்காது, வெட்டியது சரிதான் என்று. அப்புறம் அந்த நிம்மதி கரைந்துவிட்டது. ரிப்போர்ட்டருடைய வரி ஒரு பாதியை விழுங்கியது என்றால், நான் போட்ட வரி இரண்டு பாதியையும் விழுங்கியது. 1988-லேயே அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் பகடையை வைத்து இதை விளக்கிவிட்டார். பகடையின் ஒரு பக்கத்துக்குள் ஈயம் வைத்திருப்பது தெரிந்த பிறகும், விழுந்த ஆறைப் பார்த்து "இந்த ஒரு ஆறை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்பவரை என்னவென்பது? பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. ஈயத்தை மறைக்கிறார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மறைக்க நினைத்தேனா என்றால் இல்லை. எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் காட்டுத்தீயில் ஊரே எரிந்துபோனது. மனிதர்களால் வந்த காலநிலை மாற்றம் இல்லாமல் இப்படி ஒரு வெப்பம் வர ஏறத்தாழ வாய்ப்பே இல்லை என்று விஞ்ஞானிகள் அறிவித்தபோது ஒரு வாரம் தாண்டியிருந்தது. அறிவியல் கணக்கில் அது மின்னல் வேகம். 2003 ஐரோப்பிய வெப்ப அலையில் மனிதர்களின் பங்கை முதன்முதலில் கணக்கிட்ட ஆய்வு 2004 கடைசியில்தான் வந்தது. ஆனால் நாளிதழுக்கு ஒரு வாரம் என்பது வேறு யுகம். அதோடு, லிட்டன் மாதிரி பெயர் வாங்கிய வெயிலுக்குத்தான் ஆய்வு வரும். செய்தியின் நான்காம் பத்தியோடு முடிந்துபோகிற சாதாரண வெயிலை யாரும் ஆராயப் போவதில்லை. நான் அன்றைக்கு வெட்டியது அந்த மாதிரி ஒரு வெயிலைப் பற்றிய வரி.

இதற்கும் பதில் உண்டு என்பதுதான் சங்கடம். தனி ஆய்வு இல்லாவிட்டாலும் பொதுக் கணக்கு இருக்கிறது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்த வெப்பம் இப்போது அதே பத்து வருஷத்தில் சராசரியாக 2.8 தடவை வருகிறது. வரும்போது 1.2 டிகிரி கூடுதல் சூட்டோடு வருகிறது. இதை எழுத எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் இது உலகம் முழுவதும் உள்ள நிலப்பரப்புக்கான சராசரி. ஒரு குறிப்பிட்ட ஊரில் கான்கிரீட் பெருகியிருக்கலாம், மரம் போயிருக்கலாம், அதனால் கூடிய சூடும் அதில் கலந்திருக்கும். வேறோர் ஊரில் பாசன வயல்களின் ஈரமும் காற்றிலுள்ள தூசும் சூட்டைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கும். உலகக் கணக்கை அப்படியே ஓர் ஊரின் தலையில் ஏற்றலாமா? நான் இப்படிக் கேட்டால், அந்த ரிப்போர்ட்டர் வெப்பமண்டல நாடுகளைக் காட்டுவார். அங்கே வருஷத்துக்கு வருஷம் வெப்பநிலை அதிகம் ஊசலாடுவதில்லை. அதனால் சின்ன உயர்வுகூடச் சீக்கிரம் பளிச்சென்று தெரிந்துவிடும். உள்ளூர் கோடை எதையாவது சொல்லும் என்றால், அந்த நாடுகளில்தான் முதலில் சொல்லும். சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கோடை கொஞ்சம் இதமாகப் போனது. செய்தி ஆசிரியர் கிண்டலாகக் கேட்டார்: "என்னய்யா, உங்க புவி வெப்பமயமாதல் லீவுல போயிடுச்சா?" யோசிக்காமலே வாயில் வந்தது: "ஒரு கோடையை வச்சு எதுவும் சொல்ல முடியாது சார்." பக்கத்து மேஜையில் அந்த ரிப்போர்ட்டர் இருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார். சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே வரியைச் சொல்வதுதானே நேர்மை என்று அன்று முழுக்க எனக்குள் வாதாடினேன். இரண்டுக்கும் பொருந்துகிற வரி இரண்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பும் நானேதான் வாதாடினேன்.

வாசகரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். எது வழக்கமான வெப்பநிலை என்பதை மக்கள் கடந்த இரண்டிலிருந்து எட்டு வருஷ நினைவை வைத்தே முடிவு செய்கிறார்களாம். அதற்கு முந்தியது மறந்துபோகிறது. அசாதாரணம் என்று நினைத்ததெல்லாம் சில வருஷத்தில் சாதாரணமாகிவிடுகிறது. முப்பது வருஷத்தைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, அந்த முப்பது வருஷம் யாருடைய நினைவிலும் கிடையாது. அது பழைய இதழ்களில்தான் இருக்கும். அந்த இதழ்களில் என்ன வரி இருக்கும் என்பது தெரிந்ததே.

அந்த ரிப்போர்ட்டர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். டெஸ்க்கில் அந்தப் பழைய வரியும் இப்போது இல்லை. "இத்தகைய வெப்ப நாட்களுக்கான வாய்ப்பை மனிதச் செயல்பாடுகள் அதிகரித்திருக்கின்றன" என்று போடுகிறோம். இது மேலான வரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதையும் யோசிக்காமல் ஒட்டப் பழகிவிட்டார்கள். காற்றில் மின்கம்பம் சாய்ந்த செய்தியில்கூட ஒருநாள் ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன்.

ஒருமுறை கடுங்குளிர் பற்றிய செய்தி ஒன்று வந்தபோது நானே ஒரு வரி சேர்த்தேன். இதுபோன்ற குளிர் நாட்கள் பெரும்பாலான நிலப்பகுதிகளில் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன என்று. வெயிலுக்கு ஒரு வரி உண்டென்றால் குளிருக்கும் இருக்கட்டுமே! செய்தி ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். "ஜனங்க நடுங்கிக்கிட்டு இருக்காங்க, குளிர் குறைஞ்சுடுச்சுன்னு போடுறீங்க. வரி சரிதான்யா. இன்னைக்கு வேண்டாம்." எந்த நாளில் போடலாம் என்று நான் கேட்கவில்லை.